முப்பத்தொன்று என்ற இடத்தில் இருபத்தொன்பது

மார்ச் 3, ஞாயிறு

காலை எடை 50.4. நேற்றைவிட முந்நூறு கிராம் கூடுதல். எதிர்வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் தின்ற அரை ஜாங்கிரிதான் காரணம். போயிருக்கவே கூடாது.

வகுப்பறைத் தரையில் இன்றும் வாழைப்பழத் தோல். வானதியின் கைங்கரியம். பதினோரு வருடம் என்னிடம் ஆடக் கற்றவள். சென்னைக்குப் போய் நடனத்தில் ஒரு பட்டம் வாங்கிவந்து, ஜனவரியிலிருந்து என்னிடமே உதவி ஆசிரியையாக இருக்கிறாள். வந்த நாளிலிருந்து எனக்கு வகுப்பு எடுக்கிறாள். பசியோடு ஆடக் கூடாதாம், அதனால் வகுப்புக்கு முன்னால் ஆளுக்கு ஒரு பழம். கண்ணாடிச் சுவரில் பாதிக்குத் திரை. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "இன்னைக்கு உங்க கால் உங்களுக்கு என்ன செஞ்சு குடுத்துச்சு?" என்று கேட்கிறாள். ஒரு வாண்டு எழுந்து, "மாடிப்படி ஏறிக் கூட்டிட்டு வந்துச்சு மிஸ்" என்றது. எல்லாரும் கைதட்டினார்கள். மாடி ஏறியதற்குக் கைதட்டு வாங்கிய முதல் ஈரோட்டுக்காரி அவளாகத்தான் இருப்பாள்.

"திரையை எடு. கண்ணாடி இல்லாம அரைமண்டி எப்படித் திருந்தும்?" என்றேன்.

"கண்ணாடி வேணுமுங்க மிஸ். முட்டி எங்க போகுதுன்னு பார்க்கறதுக்கு வேணும். இதுங்க வயித்த உள்ள இழுத்துப் புடிச்சுட்டு அதையேதான் பார்த்துட்டு நிக்குதுங்க. மூச்சே விடறதில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இவளுக்கு ஆடத் தெரியும். அதுதான் எரிச்சல்.

மார்ச் 10, ஞாயிறு

50.1. பரவாயில்லை.

மே 12 அரங்கேற்றத்துக்கு உடை அளவெடுக்க டைலர் சாதிக் பாய் வந்தார். ஆடப்போவது மிருதுளா. ஒன்பதாம் வகுப்பு, பதினைந்து வயது, பேக்கரிக்காரர் மகள். நான் 'பன்னு' என்று கூப்பிடுவேன். அவளும் சிரித்துக்கொண்டே வருவாள். இங்கே யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்: என் முப்பது வருடத்தில் இவளைப் போல ஒருத்தி வந்ததில்லை. தாளத்தை அவள் தேடிப் போவதில்லை, அது அவள் காலடிக்கு வந்து நிற்கிறது. இடுப்பு மட்டும் முப்பத்தொன்று.

அளவை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது என் வீட்டில் சட்டம். பாய் டேப்பில் கட்டைவிரலை வைத்துக் காட்டுவார். நான் பார்த்துக்கொண்டு எழுதிக் கொடுப்பேன். முப்பத்தொன்று என்று காட்டினார். இருபத்தொன்பது என்று எழுதினேன்.

இது என் வழக்கம். இரண்டு இன்ச் குறைத்துக் கொடுத்துவிட்டால் போதும். முதல் தடவை போட்டுப் பார்க்கும்போது கொக்கி மாட்டாது. அப்புறம் பெண்ணே வாயைக் கட்டிவிடுவாள். நான் ஒரு வார்த்தை திட்ட வேண்டியதில்லை. எனக்கும் என் வாத்தியாரம்மா இதைத்தான் செய்தார்கள். அது எனக்குத் தெரியவரப் பத்து வருடம் ஆயிற்று. தெரிந்தபோது கோபம் வரவில்லை. என்ன கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பாய் மெதுவாகக் கேட்டார். "உள்ள கொஞ்சம் துணி மடிச்சு விட்டுத் தைக்கட்டுங்களா மிஸ்? வளர்ற புள்ளை."

"ஒரு நூல்கூட விடக் கூடாது" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். இருபது வருடமாக இதே கேள்வி, இதே பதில். அலுக்காத மனிதர்.

மார்ச் 15, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. தண்ணீர் வரவில்லை. இன்று மோர் மட்டும்.

மார்ச் 24, ஞாயிறு

வானதியோடு சண்டை. ஆரம்பித்தது நான் இல்லை.

வர்ணம் எடுத்துக்கொண்டிருந்தேன். மிருதுளா தீர்மானம் என்கிற ஒரு வேக அடவுக் கோவையை முடித்து மண்டி போட்டு எழுந்தாள். "பன்னு, பூமி அதிர்ந்துருச்சு, கீழ் வீட்டுக்காரங்க வந்துருவாங்க" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மிருதுளாவும் சிரித்தாள். எல்லாரும் போனதும் வானதி வந்து நின்றாள்.

"மிஸ், அவகிட்ட உடம்பைப் பத்திப் பேசாதீங்க. கை தாழ்ந்துச்சுன்னா கை தாழ்ந்துச்சுன்னு சொல்லுங்க. கால் சத்தம் ஜாஸ்தின்னா குதிகாலை எப்படி வைக்கறதுன்னு சொல்லிக் குடுங்க. அது திருத்தம். இது வெறும் கேலிங்க."

"அவளே சிரிக்கிறா."

"நானும்தான் சிரிச்சேன் மிஸ், அப்ப."

பார்க்க வருகிறவர்களுக்குக் கண் இருக்கிறது, அதற்கு நீ திரை போட முடியுமா என்று கேட்டேன். "அவங்க கண்ணுக்கு நாம பொறுப்பு இல்லைங்க. இவ காதுக்குத்தான் நாம பொறுப்பு" என்றாள். பட்டம் வாங்கிய பேச்சு. இவளே பன்னிரண்டாம் வகுப்பில் அரங்கேற்றம் ஆடினாள். அப்போது கொடி மாதிரி இருந்தாள், பத்திரிகையில் எல்லாம் படம் வந்தது. அடுத்த வாரமே மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்பது வேறு விஷயம். அந்த வருடம் ஊரெல்லாம் காமாலை.

மார்ச் 29, வெள்ளி

வலது பாதத்தில் மறுபடி வலி. எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, எழுபது வயதுக்காரி எலும்பு என்கிறார். எனக்கு ஐம்பத்து மூன்று. ஆடினால் தேயாதா? "சின்ன வயசுல சாப்பாடெல்லாம் எப்படிம்மா?" என்று கேட்டார். மாத்திரை எழுதுகிறவருக்கு எதற்கு அந்தக் கதை. நன்றாகச் சாப்பிட்டேன் என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

50.0.

முதல் முறை போட்டுப் பார்த்தாயிற்று. அரக்குப் பட்டு, பச்சைக் கரை. பாயின் கை சுத்தம். மிருதுளாவின் அம்மா கோகிலவாணி பின்னால் நின்று கொக்கியை மாட்டப் பார்த்தாள். மாட்டவில்லை. மூச்சை இழுக்கச் சொன்னாள். அப்போதும் இல்லை.

"அளவெடுத்துத்தானுங்களே தைச்சாங்க? அப்பறம் எப்படிங்க மிஸ்?" என்றாள்.

நான் மிருதுளாவைப் பார்த்துத்தான் சொன்னேன். "அளவு சரியாத்தான் குடுத்தேன். ஒரு மாசத்துல உடம்பு ஏறிடுச்சு."

பாய் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். வானதி அந்த நேரம் சின்னப் பிள்ளைகளோடு கீழே இருந்தாள், நல்லதாயிற்று. மிருதுளா அழவில்லை. திரையை விலக்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய்ப் பக்கவாட்டில் திரும்பி நின்று பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பி நின்று பார்த்தாள். "சரியாயிரும் மிஸ்" என்றாள்.

மருந்து உள்ளே இறங்கிவிட்டது.

ஏப்ரல் 11, வியாழன்

மிருதுளா வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து மாடிப்படியில் ஏறி இறங்குகிறாள். இருபது தடவை. வெயில் நூற்று மூன்று டிகிரி. இப்படி ஒரு வெறி இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எங்கே இருக்கிறது? எல்லார் முன்னாலும் பாராட்டினேன். காது வரைக்கும் சிவந்துபோனாள்.

வானதி பழத்தை நீட்டினாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றாள் மிருதுளா. "பொய் சொல்றா மிஸ், உதட்டைப் பாருங்க" என்று வானதி என்னிடம் வந்து நின்றாள். வெயிலுக்கு உதடு வெடிக்காதா? என் உதடும்தான் வெடித்திருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. பாயசம் வைத்தேன், வந்தவர்களுக்குக் கொடுத்தேன். மிருதுளா ஆசீர்வாதம் வாங்க வந்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, யாரும் பார்க்காதபோது துளசித் தொட்டியில் ஊற்றினாள். நான் பார்த்தேன். நானும் என் பங்கைக் குடிக்கவில்லை.

ஏப்ரல் 17, புதன்

கோகிலவாணி போன். "மிஸ், வெள்ளரிக்காயத் தவிர ஒண்ணும் தொட மாட்டேங்கறாளுங்க. நேத்து குளிச்சுட்டு வந்தவ தலை சுத்துதுன்னு கதவப் புடிச்சுட்டு நின்னுட்டா. எனக்குப் பயமா இருக்குதுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா. ஒரு வார்த்தை சாப்புடுன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். பேக்கரி வீட்டில் நாலு பப்ஸ் குறைந்தால் பஞ்சம் வந்த மாதிரி பேசுவார்கள். அரங்கேற்றம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கொக்கி மாட்டிவிட்டது! ஒரு விரல் நுழைகிற இடமும் இருந்தது. எழுந்து நின்று கைதட்டினேன். மிருதுளா என் காலில் விழுந்தாள். எழுந்திருக்கும்போது தரையில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

எல்லாரும் போன பிறகு வானதி கதவைச் சாத்தினாள். "பாய் சொல்லிட்டாருங்க மிஸ்" என்றாள். "முப்பத்தொண்ணுக்கு இருபத்தொன்பது எழுதினீங்களாமா."

"அதுக்கென்ன இப்ப?"

"எனக்கும் இப்படித்தான் பண்ணுனீங்களா?"

நான் ஜமுக்காளத்தை மடித்து மூலையில் வைத்தேன்.

"அது மஞ்சக் காமாலை இல்லைங்க மிஸ். ஊருக்கு அப்படிச் சொன்னாங்க எங்கம்மா. ஒரு இட்லிக்கு மேல எறங்காது. பத்து மாசம் எனக்குத் தூரமே வரல. டாக்டர் எங்கம்மாவத் திட்டுனாரு, பட்டினி போட்டீங்களான்னு. எங்கம்மா அன்னைக்கு அழுததுக்கு நீங்க பதில் சொல்லோணும். எனக்கு வேண்டாம். இவகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிருங்க. இப்பவே."

பத்து மாதமாம். எனக்குப் பதினெட்டு மாதம் வரவில்லை. அப்புறமும் ஒழுங்காக வந்ததில்லை. நான் யார் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய் நியாயம் கேட்டேன்?

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான். சலங்கையைப் பையில் போட்டுக்கொண்டு, வாழைப்பழக் கூடையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

வானதி போய்ச் சொல்லிவிட்டாள். கோகிலவாணி போனில் கேட்டாள், அதுவும் தயங்கித் தயங்கி. "தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். அளவக் கொறைச்சு எழுதினீங்கன்னு அந்தப் புள்ள வந்து சொல்லுதுங்க..."

"வேலையை விட்டு நிறுத்திட்டேன். அந்தக் காந்தல்ல பேசறா. என் மேல நம்பிக்கை இல்லன்னா அரங்கேற்றத்தை அவளையே நடத்தச் சொல்லுங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க மிஸ். நீங்க போய்ப் பொய் சொல்லுவீங்களா?"

முழுப் பூசணிக்காய் சோற்றில் நன்றாகவே மறைந்துவிட்டது. போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்தேன். காலையிலிருந்து வேறு ஒன்றும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

வாத்தியங்களோடு முதல் ஒத்திகை. நடுவில் கரண்ட் போனது, ஃபேன் இல்லை. வர்ணத்தில் மூன்றாவது தீர்மானத்தில் மிருதுளா விழுந்தாள்.

கரண்ட் இல்லாததால்தான்.

இல்லை. கரண்ட் வந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நான்தான் நட்டுவாங்கம், தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். கால் தாளத்தில்தான் இருந்தது. முகம்தான் சரியில்லை. சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நிறுத்தியிருக்கலாம். தீர்மானம் முடியட்டும் என்று நினைத்தேன். நிலைப்படியில் நெற்றி இடித்து, அப்படியே கிடந்தாள். மிருதங்கக்காரர்தான் தூக்கினார். "என்னங்க மிஸ், காத்து மாதிரி இருக்குது இந்தப் புள்ளை" என்றார்.

பெருந்துறை ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நாடி நிமிடத்துக்கு நாற்பதுதானாம். ரத்தத்தில் சத்தெல்லாம் வற்றிப் போயிருக்கிறதாம். இருதயத்துக்கே ஆபத்து, இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்களாம். போனில் சொன்னது அப்பாக்காரர். கோகிலவாணி என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

போகவில்லை. பாதம் வலிக்கிறது.

ஏப்ரல் 30, செவ்வாய்

சாதிக் பாய் வந்தார். கையில் உடைப் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உளவு சொன்னதற்காக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிர்றேன் மிஸ்" என்றார். "நீங்க ஒரு நூல்கூட விடாதேம்பீங்க. நான் ஒவ்வொரு உடுப்புக்கும் உள்ள ரெண்டு இன்ச் துணி விட்டுத்தான் தைப்பேன். இருபது வருசமா. கடைசி வாரம் அம்மாமாருங்க என் கடைக்கு வருவாங்க, கொக்கி மாட்டலைங்க பாய்னு. பிரிச்சு விட்டுருவேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் சொல்லி அனுப்புவேன்."

எனக்குப் புரியவில்லை. என்ன, எல்லாருக்குமா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தானுங்க. ரெண்டு பேருக்குத்தான் பிரிக்கல. வானதி அன்னைக்கு அவ்வளவு இளைச்சிருந்துச்சு, இன்னும் இறுக்கிப் புடிச்சுக் குடுத்தேன். இந்தப் புள்ளைக்கு..." பையைத் திறந்து அரக்குப் பட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். "முந்துன ஞாயித்துக்கெழம கொக்கி மாட்டுனப்ப நீங்க கைதட்டுனீங்க. நான் வீட்டுக்குப் போய் சோறு உங்கல மிஸ். அடுத்த நாள் இறுக்கித் தைக்க உக்காந்தேன், கை வரல. எனக்கும் நாலு பொண்ணுங்க."

அவர் போன பிறகு பழைய ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பாய் தைத்தது மட்டும் இருபத்திரண்டு அரங்கேற்றம். இருபத்திரண்டு பெண்கள். இவர்களை எல்லாம் நான் இரண்டு இன்ச் இளைக்க வைத்தேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். வானதியைத் தவிர ஒருத்தியும் இளைக்கவில்லை. அளந்த அளவிலேயே வந்து, அளந்த அளவிலேயே ஆடியிருக்கிறார்கள். நான் மேடை ஓரத்தில் தாளம் தட்டிக்கொண்டு, என் மருந்தின் மகிமை என்று பூரித்துப் போயிருக்கிறேன். அவ்வளவு நன்றாகத்தான் ஆடினார்கள். முப்பது இன்ச்சும் முப்பத்து நாலு இன்ச்சும் அவ்வளவு நன்றாக ஆடியிருக்கின்றன, என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

என் மருந்து இரண்டு பேருக்குத்தான் வேலை செய்திருக்கிறது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

எனக்கு ஏன் இப்படி ஒரு டைலர் கிடைக்கவில்லை என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மே 1, புதன்

வானதிக்கு போன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தாள். மிருதுளா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"பொழச்சுட்டா. நாடி அம்பதுக்கு வந்துருச்சு. குடுக்கற கஞ்சியத்தான் குடிக்க மாட்டேங்கறா. உடம்பு ஏறிருமாம்."

"நான் செஞ்சது தப்புதான் வானதி."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனமுங்க? அங்க போய்ச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். திமிர். இருந்தாலும் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மே 3, வெள்ளி

போனேன்.

கோகிலவாணி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வா என்று சொல்லவில்லை. கஞ்சி டம்ளர் அப்படியே ஆடை கட்டிப்போய் இருந்தது. மிருதுளாவின் நெற்றியில் நாலு தையல். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. ஆனால் சிரித்தாள்.

"மிஸ், இப்பக் கொக்கி லூசாவே இருக்கும். பன்னெண்டாந் தேதிக்குள்ள நான் வந்துருவேன் மிஸ்."

வழியெல்லாம் மனசுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். காலம், வழக்கம், கலைக்கு வேண்டிய கட்டுப்பாடு என்றெல்லாம் அதில் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நேராகச் சொல்லிவிட்டேன்.

"உனக்கு உடம்பு ஏறவே இல்ல மிருதுளா. முப்பத்தொண்ணுன்னு பாய் காட்டினார். நான்தான் இருபத்தொன்பதுன்னு எழுதினேன். வேணும்னேதான். துணிதான் சின்னது. நீ அப்படியேதான் இருந்தே."

கோகிலவாணி எழுந்துவிட்டாள். "அன்னைக்குப் போன்ல கேட்டனே. நீங்க போய்ப் பொய் சொல்லுவீங்களான்னு கேட்டனே" என்றாள். குரல் உயரவில்லை. என் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் தள்ளினாள். நல்ல பலம். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இன்னும் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் ஏதாவது பதில் வந்திருக்கும். சண்டை போடத்தான் எனக்குத் தெரியும்.

"இரும்மா" என்றாள் மிருதுளா.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கணக்கில் எங்கே தப்பு என்று பார்க்கிற பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். தையல் இழுத்திருக்கும்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய்த் தெனமும் கண்ணாடி முன்னாடி நின்னு தேடுனேன் மிஸ், எங்க ஏறுச்சுன்னு. வயித்துலயா, முதுகுலயான்னு. எனக்கு எங்கயுமே தெரியல" என்றாள். "நீங்க சொன்னீங்களேன்னு, என் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."